கணினிவழிப் படங்களும் ஏற்கப்படும்

பிழை ஒன்றை ஒப்புக்கொண்டு தொடங்குவோம். நெல்லைச் சீமையில் நாம் உறுப்பினராக உள்ள நிழற்படக் கழகத்தின் கண்காட்சி விதிகளில், ஏழாம் விதியின் உட்பிரிவாக ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘கணினிவழி உருவாக்கப்படும் படங்களும் போட்டிக்கு ஏற்கப்படும்.’ 2006ஆம் ஆண்டுப் பொதுக்குழுவில் நிறைவேறிய இவ்வாக்கியத்தை எழுதியவர் நாமே. தமிழ் முதுகலை முடித்துக் கல்லூரிப் பணியில் அப்போதுதான் சேர்ந்திருந்தோம். தமிழ் படித்தவர் இருக்கையில் விதியை வேறு யார் எழுதுவது என்று தாளையும் பேனாவையும் நம் பக்கம் தள்ளிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தோம். அதன்பின் பதினெட்டு ஆண்டுகள் அவ்வாக்கியத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணி கரைமீறியதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அதன் ஓராண்டு நிறைவையொட்டி 2024 டிசம்பர்க் கண்காட்சியில் ‘வெள்ளம்’ என்றே தனிப்பிரிவு ஒன்று வைத்தோம். வந்த படங்களுள் ஒன்று தேர்வுக் குழுவினர் ஐவரையும் வாயடைக்கச் செய்தது. குறுக்குத்துறை முருகன் கோயிலைச் செந்நீர் சூழ்ந்திருக்கிறது. மண்டபத்தின் மேல்தளத்தில் மூதாட்டி ஒருத்தி ஆட்டுக்குட்டியொன்றை முந்தானையால் போர்த்தி அணைத்தபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெள்ள நாள்களில் படகில் சென்று உணவுப் பொட்டலம் கொடுத்த உறுப்பினர் ஒருவரும் அக்குழுவில் இருந்தார். “இந்த ஆச்சிய நான் பாக்கலையே! எந்தத் தெரு, இப்ப எங்க இருக்காங்க?” என்று பதறியவர், செயலாளரிடம் எண்ணை வாங்கிப் படம் அனுப்பிய மாணவரை அங்கேயே அழைத்தார்.

“அப்படி யாரும் இல்ல சார். கம்ப்யூட்டர்ல எழுதிக் குடுத்து வரவழைச்சது” என்றது மறுமுனை. குரலில் ஒளிவுமறைவு இல்லை. “விதியில கணினிவழி உருவாக்கப்படும் படம்னு போட்டிருக்கே, அதப் பாத்துத்தான் சார் அனுப்பினேன்.”

படகில் சென்ற நண்பர் அதன்பின் தேர்வுக்கு அமரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார். எஞ்சிய நால்வருள் இருவர் அம்மாணவரை மூன்றாண்டுக்கு விலக்க வேண்டும் என்றனர். ஒருவர், கேமராவிலிருந்து வந்தபடியே வரும் படத்தைத் தவிர வேறெதையும் இனி ஏற்பதில்லை என விதி செய்வோம் என்றார். நால்வரில் நாமும் ஒருவர். நாம் ஏழாம் விதியை எடுத்து வாசித்தோம். ‘கணினிவழி உருவாக்கப்படும்.’ இலக்கணப்படி அம்மாணவரின் படத்துக்கு அவ்வாக்கியம் கச்சிதமாகப் பொருந்துகிறது. சொல்லப்போனால் 2006இல் நாம் மனத்திற்கொண்டிருந்த படங்களுக்குத்தான் அது பொருந்தவில்லை. அவை கேமராவால் உருவானவை. கணினி அவற்றைத் தாங்கி மட்டுமே வந்தது.

அவ்வாக்கியம் எழுதப்பட்ட சூழலைச் சற்றுச் சொல்ல வேண்டும். 2006 ஜனவரியில் நிக்கான் நிறுவனம் தன் ஃபிலிம் கேமராக்களுள் பெரும்பாலானவற்றின் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அதே மாதத்தில் கொனிக்கா மினோல்டா கேமராத் தொழிலிலிருந்தே விலகுவதாகச் சொன்னது. 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ கறுப்பு வெள்ளைத் தாள் எம் ஊர்க் கடைகளில் கண்ணில் படுவதே அரிதாகியிருந்தது. எங்கள் பழைய விதியோ, ‘உறுப்பினர் தாமே எடுத்துத் தாமே இருட்டறையில் அச்சிட்ட படம், கேட்கும்போது நெகடிவைக் காட்டுதல் வேண்டும்’ என்று நின்றது. அதற்கு முந்தைய ஆண்டுக் கண்காட்சியில் வந்த படங்கள் ஒரு சுவரைக்கூட நிரப்பவில்லை. இளைஞர்கள் டிஜிட்டல் கேமராவோடு வாசலில் நின்றார்கள். நாமும் அவர்களோடு நின்றோம்.

உள்ளே நின்றவர் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர். நாற்பதாண்டுக் காலம் டெவலப்பரிலும் ஹைப்போவிலும் கை நனைத்தவர். கண்ணாடிமேசைமீது நெகடிவை வைத்துப் பென்சில் முனையால் டச்சிங் செய்து, அம்மைத் தழும்பு இருந்த முகங்களைக் கல்யாணத்துக்கு உரியவையாக்கியவர். கணினியில் எதையும் செய்துவிடலாம், ஆகவே கணினிப் படம் பொய் என்பது அவர் கட்சி. நாம் எழுந்து, வயதுக்குரிய துடுக்கோடு கேட்டோம்: “அண்ணாச்சி, நீங்க பரிசு வாங்கின நெல்லையப்பர் கோபுரப் படத்துல இருக்கிற மேகம் அன்னிக்கு அங்க இருந்துச்சா?” அண்ணாச்சி ஐப்பசி, கார்த்திகையில் மேகங்களைத் தனியாகப் படமெடுத்து, அந்நெகடிவுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்திருப்பதும், வெறும் வானம் வாய்த்த படங்களில் அவற்றை என்லார்ஜரின் அடியில் ஏற்றி அச்சிடுவதும் கழகத்தில் எல்லாரும் அறிந்ததே. அவை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“தம்பி, அந்த மேகமும் நான் எடுத்ததுதான். பாளையங்கோட்டையில ஒருநாள் சாயங்காலம் அது அங்க இருந்துச்சு. நானும் இருந்தேன்.”

அன்று இதைத் தோற்றவரின் சமாளிப்பு என்றே எண்ணினோம். யாரோ நன்னூலின் அந்தப் புகழ்பெற்ற சூத்திரத்தைச் சொன்னார்கள் (தமிழ்நாட்டில் எந்த விதித் திருத்தமும் அச்சூத்திரமின்றி நிறைவேறுவதில்லை), தீர்மானம் நிறைவேறியது. ‘டிஜிட்டல்’ என்ற சொல் விதியில் வரலாகாது, தமிழில் எழுதுக என்று அதே அண்ணாச்சிதான் கேட்டார். எண்ணிமம், இலக்கமுறை என்றெல்லாம் எழுதினால் எவருக்கும் புரியாது என அஞ்சி ‘கணினிவழி’ என்றோம். நெகடிவைக் காட்டவேண்டும் என்ற வரியையும், டிஜிட்டலுக்கு நெகடிவ் ஏது என்று அடித்துவிட்டோம். ஆக நாம் செய்த பிழைகள் இரண்டு. சொல் தவறியது ஒன்று. அதைவிடப் பெரிது, மூலத்தைக் கேட்கும் உரிமையைக் கழகம் தன் கையாலேயே துறந்தது.

இப்போது ‘கேமராவிலிருந்து வந்தபடியே’ என்று கேட்கும் நண்பரின் கட்சிக்கு வருவோம். நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதேயாயினும், அது நிழற்பட வரலாறு அறியாத கட்சி. மதராஸ் மாகாண அரசின் நிழற்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சையையும் எடுத்த படங்கள் தமிழகத்தின் மிகப் பழைய நிழற்படங்களுள் அடங்குவன. அக்காலத்து ரசாயனப் பூச்சு நீல நிறத்துக்கு அளவுமீறிக் கூர்மையானது. வானம் வெற்றுவெளியாக வெளுத்துவிடும். டிரைப் தம் காகித நெகடிவுகளில் வண்ணம் பூசி மேகங்களை வரைந்தார், மர இலைகளைத் திருத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார். இன்று கைப்பேசியில் விரலை ஓட்டிச் செய்யும் அகன்ற படத்தின் பாட்டனார் அது. ‘வந்தபடியே’ என்ற விதியை வைத்தால் டிரைப்பை வாசலிலேயே நிறுத்த வேண்டியிருக்கும்.

அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் 1944இல் எடுத்த குளிர்காலச் சூரியோதயப் படத்தில், லோன் பைன் ஊர்ப் பள்ளி மாணவர்கள் குன்றின்மேல் வெள்ளைக் கற்களால் அமைத்திருந்த இரண்டு பெரிய எழுத்துகளை நெகடிவிலிருந்தே மறைத்தார். இயற்கைக் காட்சியில் அது வடு என்று அவர் கருதினார். அவர் புகழுக்கு அதனால் குறை வரவில்லை. 2010இல் ஸ்டெபான் ருடிக் என்ற நிழற்படக்காரர், கீவ் நகரத் தெருச்சண்டை குறித்த தொடரொன்றுக்கு உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் பரிசு பெற்றார். அதில் ஒரு படத்தில், கட்டுப்போடும் கையின் பின்னே தெரிந்த யாரோ ஒருவரின் பாதத்தை நீக்கியிருந்தார். மூலக்கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்த குழு பரிசைத் திரும்பப் பெற்றது. கவனிக்க வேண்டியது, அவர் வண்ணத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியதும் படத்தைப் பெருமளவு வெட்டியதும் குற்றமாகக் கொள்ளப்படவில்லை என்பது. அந்தச் சிறு பாதமே குற்றமாயிற்று. ஆடம்ஸ் செய்ததும் ருடிக் செய்ததும் செயலளவில் ஒன்றே. பார்ப்பவரிடம் அவரவர் படம் கொடுத்திருந்த வாக்குறுதி வேறு. செய்திப்படம் என்று மாட்டிய சுவர் ‘இது இப்படியே நடந்தது’ என்கிறது.

ஃபிலிம் என்றால் மெய், கணினி என்றால் பொய் என்பதற்கும் இதே காலத்தில் ஒரு பாடம் கிடைத்தது. 2009ஆம் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, வேலிக் கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய். எடுத்தவர் ஸ்பெயின் நாட்டவரான ஹோசே லூயிஸ் ரோட்ரிகெஸ். ஃபிலிமில் எடுத்தது. எதையும் ஒட்டவில்லை, வெட்டவில்லை. ஆயினும் 2010 ஜனவரியில் அப்பரிசு பறிக்கப்பட்டது. அது காட்டு ஓநாய் அன்று, பழக்கப்பட்ட விலங்காகவே இருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்ததே காரணம். அவர் அதனை மறுத்தார். எது எவ்வாறாயினும், ஃபிலிமில் எடுத்த படத்தைக் குறித்தும் அக்குழு கேட்க வேண்டியிருந்த கேள்வி கருவியைப் பற்றியதன்று.

டிஜிட்டல் கேமராவும் நாம் நினைக்கும் அளவுக்கு ‘வந்தபடி’ எதையும் தருவதில்லை. அதன் உணரியில் ஒவ்வொரு புள்ளியின்மீதும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றில் ஏதேனும் ஒரு வண்ணத்து வடிகட்டிதான் இருக்கும். மற்ற இரண்டு வண்ணங்களும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டுப் பெறப்படுவன. ஆக நாம் காணும் வண்ணத்தில் மூன்றில் இரு பங்கு கணிதம். கோடாக் நிறுவனத்து பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற முறை இது. இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இதுவே. இதை அறிந்தபின் கணினியின் கை படாத டிஜிட்டல் படம் எதுவென்று விதியில் எழுதுவது எங்ஙனம்?

எனினும் அந்தக் கணிதம் அங்கு வந்துசேர்ந்த ஒளியிலிருந்து தொடங்குகிறது. அண்ணாச்சியின் மேகம் பாளையங்கோட்டை வானிலிருந்து தொடங்குகிறது. மூதாட்டியும் ஆட்டுக்குட்டியும் எங்கிருந்து தொடங்கினார்கள்? இதுவரை எடுக்கப்பட்ட கோடிக்கணக்கான படங்களின் சாயலிலிருந்து என்றுதான் சொல்ல முடியும். 2023இல் சோனி உலக நிழற்பட விருதுகளில் படைப்பாக்கப் பிரிவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜெர்மானியர் போரிஸ் எல்டாக்சன், தம் படம் செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டது, நிழற்படமன்று என்று சொல்லிப் பரிசை ஏற்க மறுத்தார். இரு பெண்கள், பழைய பழுப்பு வண்ணம், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது போன்ற தோற்றம். நடுவர்கள் ஏமாந்தார்கள் என்று அன்று நாமும் சிரித்தோம். ஓராண்டு கழித்து நம் மேசைக்கே அது வந்தது. நமக்கு வந்தது வெறும் அழகுப் படமன்று. இங்கே வீடிழந்தவர்களின் உண்மைப் படங்களுக்கு நடுவே மாட்டப்படவிருந்த படம். அருகில் சோப்பு நுரைபோல வெள்ளம் நின்ற தம் அடுப்படியைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய ஓர் இல்லத்தரசியின் மங்கலான படமும் இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எது மக்கள் கண்ணை இழுக்கும் என்பதில் ஐயமில்லை. அடுத்த முறை மங்கலான அடுப்படியை யார் எடுத்து அனுப்புவார்?

இலக்கிய வாசகர்களுக்கு இவ்வழக்கு புதிதன்று. ஏட்டிலிருந்து பதிப்பித்த உ.வே.சா. தாம் ஏற்ற பாடத்தை மேலே அச்சிட்டு, பிரதிபேதங்களை அடியில் காட்டினார். ரசிகமணி டி.கே.சி. கம்பன் பாடல்களில் தம் செவிக்கு ஒவ்வாதவற்றைக் கழித்தார், சொற்களை மாற்றவும் செய்தார். அவர் ரசனைக்கு நாமும் அடிமை; குற்றாலச் சாரலில் அவர் பேச்சைக் கேட்டவர்களிடம் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் வகுப்பில் கம்பனைப் பாடமாக வைக்கும்போது அப்பதிப்பைக் கையிலெடுப்பதில்லை. இடைச்செருகல் செய்த பெயரறியாப் புலவர்களுள் சிலர் நல்ல கவிகளாகவும் இருந்திருக்கக்கூடும். கவிதை நன்றாக இருப்பதால் அது கம்பனுடையதாகிவிடாது. அம்மாணவரின் படம் நன்றாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே தை மாதப் பொதுக்குழுவின் முன் நாம் வைக்கும் திருத்தம் இது: ‘போட்டிக்கு வரும் படத்தின் ஒவ்வொரு பகுதியும் அனுப்புபவர் தாமே வில்லை வழியே ஒளியால் பதிந்ததாக இருத்தல் வேண்டும். பதிந்த கருவி எதுவாயினும் ஆகுக. பதிந்தபின் சேர்த்தவை, நீக்கியவை, இணைத்தவை அனைத்தும் விண்ணப்பத்தில் எழுதப்படுதல் வேண்டும். அக்குறிப்பு படத்தின் கீழ் அட்டையிலும் இடம்பெறும். குழு கேட்கும்போது நெகடிவையோ மூலக்கோப்பையோ காட்டுதல் வேண்டும்.’ செய்தி, காட்டுயிர், வெள்ளம் போன்ற பிரிவுகளில் ஒளி, நிறம், வெட்டு ஆகியவற்றைச் சரிசெய்வதன்றி எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. பொதுப்பிரிவில் அண்ணாச்சியின் மேகத்துக்குத் தடையில்லை. அட்டையில் ‘மேகம் வேறொரு நாள்’ என்றிருந்தால் போதும். எழுதிக்கொடுத்து வரவழைத்த படங்களைக் கழகம் விரும்பினால் வேறொரு மாதத்தில் வேறொரு பெயரில் காட்டட்டும். நாமும் போய்ப் பார்ப்போம்.

மூலக்கோப்பையும் போலியாகச் செய்யலாமே என்று கேட்கிறார்கள். செய்யலாம். நெகடிவையும் செய்யலாம், அண்ணாச்சி நினைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் செய்திருப்பார். பதிந்த கணத்திலேயே முத்திரை குத்தித்தரும் கேமராக்கள் 2023இலிருந்து விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவற்றின் விலையில் எம் உறுப்பினர் பலர் ஓட்டு வீட்டுக்குக் கூரை மாற்றிவிடுவர். அத்தகைய காவல் எம் கழகத்துக்கு வேண்டியதில்லை. இத்தனை வினாக்களைக் கேட்டபின் ஒருவர் பொய்யெழுதிக் கையொப்பமிட்டால் அது அவர் செய்த பொய். 2024இல் நாங்கள் எதையும் கேட்கவில்லை.

அதனால்தான் அம்மாணவரை விலக்கும் முடிவை எதிர்த்து நாம் மட்டும் மாறுபட்ட குறிப்பு எழுதிவைத்தோம். படத்தை வெள்ளப் பிரிவில் மாட்டலாகாது என்பதில் நமக்கும் உடன்பாடே. ஆனால் அவர் விதியைப் படித்தார். கேட்டவுடன் உள்ளதைச் சொன்னார். விதியை எழுதியவருக்குத் தண்டனையில்லை, அதைப் படித்தவருக்கு மூன்றாண்டு என்றால் அது முறையாகத் தோன்றவில்லை. குழுவின் பெரும்பான்மை வேறாக இருந்தது. விலக்கு இன்னும் நடப்பில் உள்ளது. அதனை நீக்கும் தீர்மானத்தையும் திருத்தத்தோடு சேர்த்தே கொடுத்திருக்கிறோம். திருத்தம் தோற்றாலும் அது வெல்ல வேண்டும் என்பதே நம் விருப்பம்.

ஒன்று மட்டும் இன்னும் எழுதத் தெரியவில்லை. 2023 மார்ச்சில் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைக் கணினித் திரையில் காட்டி, அதைச் சாம்சங் கைப்பேசியால் எடுத்தார்; கிடைத்த படத்தில் திரையில் இல்லாத பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. நிலவு எப்படி இருக்கும் என்று கைப்பேசிக்கு முன்பே தெரிந்திருந்தது. எம் உறுப்பினர் ஒருவர், நெல்லையப்பர் கோபுரக் கலசத்தருகே முழுநிலவு நிற்கும் படமொன்றைக் கைப்பேசியில் எடுத்து வைத்திருக்கிறார். அவர் அங்கு நின்றார், நிலவும் நின்றது. ஆனால் அப்பள்ளங்களை ஒளி பதிந்ததா, கருவி நினைவிலிருந்து வரைந்ததா என்பது அவருக்கும் தெரியாது. நம் திருத்தத்தின் முதல் வாக்கியப்படி அப்படம் தேறுமா என்று போன வாரம் கேட்டார். மூலக்கோப்பைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். அதிலும் அந்தப் பள்ளங்கள் இருக்கும் என்றே நினைக்கிறோம்.